சரி, பிழை, மூன்றாவது கட்டம்



பல ஆண்டுகளுக்கு முன், கிள்ளான் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில், ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் கருத்துணர்தல் பயிற்சி கொடுத்திருந்தேன். பத்தி மிக எளியது. மாலதி என்னும் சிறுமி பள்ளி விடுமுறையில் பினாங்கிலிருந்து கிள்ளானுக்கு வந்து தன் தாத்தாவின் வீட்டில் தங்குகிறாள். கீழே ஐந்து கூற்றுகள். ஒவ்வொன்றின் எதிரிலும் ‘சரி’, ‘பிழை’ என இரு கட்டங்கள். நான்காவது கூற்று, ‘மாலதியின் பாட்டி கிள்ளானில் வசிக்கிறார்’ என்பது. பத்தியில் பாட்டியைப் பற்றிய பேச்சே இல்லை. விடைக்குறிப்பில் ‘பிழை’ என்றிருந்தது. ஒரு மாணவன் மட்டும் இரு கட்டங்களையும் விட்டுவிட்டு, ஓரத்தில் பென்சிலால் ‘கதையில் சொல்லவில்லை ஐயா’ என எழுதியிருந்தான். நான் மதிப்பெண் வழங்கவில்லை. “பாட்டி இருக்காங்களா இல்லையான்னே தெரியாதே ஐயா” என்று அவன் எழுந்து சொன்னபோது, “கேட்டதற்கு மட்டும் விடை எழுது” என்று அமர்த்திவிட்டேன்.

அன்று பிழை செய்தவன் அவனல்லன். நானே என்பது பின்னர்தான் விளங்கிற்று. அவன் கேட்ட மூன்றாவது கட்டத்திற்கு நெடிய வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் ஒரு பகுதி நம் தமிழ் நூல்களில் இருக்கிறது. மற்றொரு பகுதி இருபதாம் நூற்றாண்டின் கணிதத்திலும் கணினியிலும் இருக்கிறது. இரண்டையும் அறிந்துகொள்வது வகுப்பறைக்குப் பயன்படும் என்பதால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இரண்டே கட்டங்கள்

நம் நாட்டு இடைநிலைப்பள்ளிகளில் படிவம் 4 கணிதத்தில் ‘பெனாகுலான் லோகிக்’ எனும் பாடம் இடம்பெற்று வந்துள்ளது. ‘கூற்று என்பது மெய் அல்லது பொய் என உறுதி செய்யத்தக்க வாக்கியம், ஒரே வேளையில் இரண்டுமாக அஃது இருக்க முடியாது’ என்பது அதன் தொடக்க வரையறை. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலின் காலம் தொட்டு வரும் அடிப்படை இது. இவ்விரண்டை மட்டும் வைத்துக்கொண்டு 1854-இல் ஜார்ஜ் பூல் சிந்தனையின் விதிகளை இயற்கணிதமாக அமைத்தார். 1937-இல் கிளாட் ஷானன் தம் ஆய்வேட்டில் அதே இயற்கணிதத்தை மின்சுற்றுகளின் திறப்பு, மூடலுக்குப் பொருத்திக் காட்டினார். இன்று நம் கையிலிருக்கும் கைப்பேசி அதன் வழிவந்ததே. ஆகவே இரு கட்டங்களின் ஆற்றலைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று.

ஆயினும், அரிஸ்டாட்டிலுக்கே ஓரிடத்தில் ஐயம் எழுந்தது. ‘நாளை ஒரு கடற்போர் நிகழும்’ என்னும் கூற்று இன்றைக்கே மெய்யா, பொய்யா? மெய் எனின், அப்போரைத் தடுக்க எவராலும் இயலாது என்றாகிறது. பொய் எனின், அதை நிகழ்த்த எவராலும் இயலாது என்றாகிறது. மனிதரின் முயற்சிக்கே இடமில்லாமல் போய்விடும் இச்சிக்கலை அவர் எழுப்பிய காலம் முதல் அறிஞர்கள் அதனோடு மல்லுக்கட்டி வந்துள்ளனர்.

ஐயத்திற்கு இலக்கணம் வகுத்தோர்

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் முதல் இயல் கிளவியாக்கம். மாலை மங்கலில் தொலைவில் ஓர் உருவம் நிற்கிறது. ஆணா, பெண்ணா எனத் தெரியவில்லை. அப்போது எந்த வினைமுற்றைப் பயன்படுத்துவது? தமிழில் வினைமுற்றே பாலைக் காட்டிவிடுமாதலால், பேச வாய் திறந்தவுடன் ‘வந்தான்’ அல்லது ‘வந்தாள்’ என முடிவு செய்தாக வேண்டிய கட்டாயம் நேர்கிறது. இந்நிலையில், உயர்திணை என்பது தெளிந்து பால் மட்டும் தெளியாதபோது பன்மையால் கூறுக என்பது தொல்காப்பியர் காட்டும் வழி. மனிதனா, மரக்கட்டையா என்பதே தெளியவில்லையாயின் ‘உருவு’ போன்ற பொதுச்சொல்லால் சுட்டலாம். அறியாததை அறிந்ததாகச் சொல்லிவிடாதபடி நம் இலக்கணம் ஒரு வழியை ஒதுக்கிவைத்திருக்கிறது.

அடுத்து, நாம் ஆண்டுதோறும் கற்பிக்கும் நன்னூலை எடுத்துக்கொள்வோம். பதின்மூன்றாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் இந்நூலை இயற்றிய பவணந்தி முனிவர் சமணர். விடை எட்டு வகைப்படும் என்கிறார்: சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. இவ்வெட்டில் ‘ஆம்’ என்பது நேர். ‘இல்லை’ என்பது மறை. எஞ்சிய ஆறும் வேறு வகையின. இவ்வெட்டையும் மனனம் செய்யச் சொல்லிவிட்டு, தேர்வுத்தாளில் இரண்டை மட்டும் ஏற்றுக்கொள்கிறோம் என்பதை நான் வெகுநாள் கவனிக்கவே இல்லை.

மலாய்மொழி அறிந்த நம் பிள்ளைகளுக்கு இன்னும் எளிய சான்று ஒன்று உண்டு. ‘சாப்பிட்டாயிற்றா?’ என மலாய்க்கார அண்டை வீட்டார் கேட்டால், சாப்பிடாதவர் ‘தீடாக்’ என்று சொல்வதில்லை, ‘பெலும்’ என்பார். ‘இல்லை’ என்பதற்கும் ‘இன்னும் இல்லை’ என்பதற்கும் அம்மொழி தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது.

மணிமேகலையின் நான்கு விடைகள்

ஆறாம் நூற்றாண்டையொட்டியது எனப் பலராலும் கருதப்படும் மணிமேகலை, தமிழில் ஏரணத்தை விரிவாகப் பேசும் பழைய நூல். அதன் 27ஆம் காதையில் மணிமேகலை பல சமயக் கணக்கரின் வாதங்களைக் கேட்கிறாள். 29ஆம் காதையில் அறவண அடிகள் அவளுக்கு அளவைகளையும் வாதத்தில் நேரும் குற்றங்களையும் வகுத்துரைக்கிறார். இறுதியான 30ஆம் காதையில் வினாவுக்கு விடையளிக்கும் முறை நான்கு எனக் கூறப்படுகிறது. அவற்றைத் தற்காலத் தமிழில் சொல்கிறேன்.

முதலாவது, துணிந்து சொல்லல். தோன்றிய பொருள் அழியுமா எனக் கேட்டால், அழியும் என உறுதியாகச் சொல்லிவிடலாம்.

இரண்டாவது, கூறிட்டு மொழிதல். இறந்தவன் மீண்டும் பிறப்பானா எனக் கேட்டால், ஒரே சொல்லில் விடை சொல்ல இயலாது. அவன் பற்றை விட்டவனா, விடாதவனா எனப் பிரித்துக்கொண்டே விடை கூற வேண்டும்.

மூன்றாவது, வினாவின் விடுத்தல். முட்டை முந்தியதா, பனை முந்தியதா என ஒருவன் கேட்டால், எந்த முட்டையையும் எந்தப் பனையையும் பற்றிக் கேட்கிறாய் என அவனையே திருப்பிக் கேட்க வேண்டும். வினா முழுமையடையாமல் இருப்பதே அங்குள்ள சிக்கல்.

நான்காவது, வாய்வாளாமை. ஆகாயத்தில் பூத்த பூ பழையதா, புதியதா என்று கேட்பவனுக்கு விடை சொல்லாதிருப்பதே விடை. ‘பழையது’ என்றாலும் பிழை, ‘புதியது’ என்றாலும் பிழை. ஏனெனில் அப்படியொரு பூவே இல்லை.

‘ஆம், இல்லை என்னும் இரண்டில் அடங்காதவை’ என நாம் ஒரே மூட்டையாகக் கட்டி வைப்பனவற்றை இக்காப்பியம் பிரித்துக் காட்டுகிறது. நிபந்தனையைப் பொறுத்து மாறுவது வேறு. வினா தெளிவற்றிருப்பது வேறு. வினாவே பொருளற்றிருப்பது வேறு. என் மாணவனின் ‘கதையில் சொல்லவில்லை’ என்பது இம்மூன்றிலும் சேராத நான்காவது ஒன்று: விடை உண்டு, ஆனால் கையிலுள்ள சான்று போதவில்லை. தொல்காப்பியர் காட்டும் மாலை மங்கலின் உருவத்தைப் போன்றது அது.

பிரிக்பீல்ட்ஸில் நின்று பார்த்தால்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில், பெர்ஹாலா சாலையில் பௌத்த மகா விகாரை உள்ளது. 1894-இல் சிங்கள பௌத்தர்கள் அமைத்த சங்கத்தின் வழி எழுந்தது அது. அங்கிருந்து சற்றுத் தொலைவில், ஸ்கோட் சாலையில், யாழ்ப்பாணத் தமிழர்கள் எழுப்பிய ஸ்ரீ கந்தசுவாமி கோயில் உள்ளது. இரண்டிற்கும் இடையே நடந்து போகும்போதெல்லாம், தமிழகத்தில் பல நூற்றாண்டுகள் நடந்த பெரும் வாதம் ஒன்று எனக்கு நினைவுக்கு வரும். பௌத்தரும் சமணரும் சைவரும் பங்குகொண்ட வாதம் அது.

சமணரின் கொள்கை அநேகாந்தவாதம். ஒரு பொருளைப் பற்றி ‘உண்டு’ என்பதும் ‘இல்லை’ என்பதும் நோக்கும் நிலையைப் பொறுத்தவை என்பது அதன் சாரம். ஒரே மண்குடம், மண் என்னும் நிலையில் முன்பே உண்டு. குடம் என்னும் நிலையில் நேற்று இல்லை. ஆகவே ஒவ்வொரு கூற்றின் முன்னும் ‘ஒருவாற்றான்’ எனப் பொருள்படும் ‘சியாத்’ என்னும் சொல்லைச் சேர்த்தனர். உண்டு, இல்லை, சொல்லொணாதது ஆகிய மூன்றையும் தனித்தனியாகவும், இரண்டிரண்டாகவும், மூன்றையும் சேர்த்தும் எடுத்தால் 3 + 3 + 1 = 7 கூற்றுகள் கிடைக்கும். இதுவே சப்தபங்கி. கணித ஆசிரியர்கள் சேர்மானப் பாடத்திற்கு இதனை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

தமிழில் இக்கொள்கைக்கு வழங்கிய பெயர் ‘அத்தி நாத்தி’. சேக்கிழாரின் பெரியபுராணத்தில், மதுரைப் புனல்வாதத்தில் சமணர் வைகையில் இட்ட ஏட்டில் ‘அத்தி நாத்தி’ என எழுதியிருந்ததாகவும், அது வெள்ளத்தோடு போய்விட்டதாகவும் வருகிறது. கோயில் சமய வகுப்பில் இக்கதையை நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ‘உண்டு, இல்லை என ஒரே வாயால் சொன்னால் அது எப்படி நிற்கும்?’ என்று நகைச்சுவையாகவும் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன். அவ்வேட்டில் இருந்தது உளறலன்று, நுட்பமான ஒரு தருக்கத்தின் தலைப்பு என்பதை அப்போது நான் பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை.

ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றான நீலகேசி, சமண நெறியில் நின்று பிற சமயத்தாரோடு வாதிடும் நூல். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி 1936-இல் அதனைப் பதிப்பித்தார். சைவத் தரப்பிலிருந்து அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரின் பரபக்கம், நிகண்டவாதி உள்ளிட்ட பிற கொள்கையினரை ஒவ்வொருவராக எடுத்து மறுக்கிறது. மறுப்பதற்கு முன் அவரவர் கொள்கையை அவரவர் கூற்றாகவே எடுத்துரைப்பது அந்நூலின் முறை. மாற்றாரின் கருத்தை முதலில் செவ்வனே சொல்லிவிட்டுப் பின்னரே மறுக்கும் அப்பண்பு, இன்றைய பட்டிமன்றங்களுக்கும் வேண்டியது.

இதிலுள்ள வியப்பு என்னவெனில், இரண்டில் அடங்காத மூன்றாவது ஒன்று சைவ சித்தாந்தத்திற்கும் தேவைப்பட்டது. மெய்கண்டாரின் சிவஞானபோதத்தில் பன்னிரண்டு நூற்பாக்கள் உள்ளன. ஏழாம் நூற்பா உயிரின் இயல்பைப் பேசுகிறது. இறைவன் சத்து, உலகம் அசத்து, உயிரோ இவ்விரண்டுமல்லாத சதசத்து. சார்ந்ததன் வண்ணமாதல் அதன் இயல்பு. ‘அத்தி நாத்தி’யை ஆற்றில் விட்ட மரபே, உயிரின் நிலையைச் சொல்ல வந்தபோது இரு கட்டங்கள் போதா எனக் கண்டது.

பெருமிதத்திற்கு ஓர் எல்லை

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ‘கணினித் தருக்கத்தை அன்றே நம் முன்னோர் கண்டுபிடித்துவிட்டனர்’ என்று மேடையில் முழங்குவது எளிது, கைத்தட்டலும் கிடைக்கும். ஆனால் அது மெய்யன்று. சதசத்து என்பது உயிர் என்னும் பொருளின் இயல்பைக் குறிப்பது; ஒரு வாக்கியத்தின் மெய்ம்மை மதிப்பன்று. சியாத்வாதத்தின் ஏழு கூற்றுகளும் ஏழு மெய்ம்மை மதிப்புகள்தாமா, அல்லது ஏழு நோக்குநிலைகளா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. மணிமேகலையின் நான்கும் விடை சொல்லும் முறைகள். இவற்றிற்குக் கூட்டல் பெருக்கல் போன்ற கணக்கீட்டு விதிகளை எவரும் அன்று வகுக்கவில்லை.

ஆனால் ஒப்பிட்டுப் பார்ப்பதில் பிழையில்லை. இந்தியப் புள்ளியியலின் முன்னோடி பி. சி. மகலனோபிஸ் 1954-இல் சியாத்வாதத்தைப் புள்ளியியலின் அடிப்படைகளோடு ஒப்பிட்டு எழுதினார். உயிரியல் அறிஞர் ஜே. பி. எஸ். ஹால்டேன் 1957-இல் ‘சங்கியா’ ஆய்விதழில் அதே பொருள் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். இருவரும் பழையதை உரிமை கொண்டாடுவதற்காக அன்றி, புதியதைச் சிந்திப்பதற்கு ஒரு கருவியாகவே கையாண்டனர். நாமும் அவ்வாறே கொள்ளல் தகும்.

கணிதமான மூன்றாவது மதிப்பு

1920-இல் போலந்து நாட்டுத் தருக்க அறிஞர் யான் லூக்காசியேவிச், அரிஸ்டாட்டிலின் கடற்போர்ச் சிக்கலை எண்ணி, மெய்க்கு 1, பொய்க்கு 0, இன்னும் உறுதிப்படாததற்கு ½ என மூன்று மதிப்புகளைக் கொண்ட தருக்கத்தை அமைத்தார். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் எமில் போஸ்ட் எத்தனை மதிப்புகளுக்கும் பொருந்தும் வடிவத்தை வெளியிட்டார். ‘பன்மதிப்பு ஏரணம்’ என்னும் துறை இவ்வாறு பிறந்தது.

லூக்காசியேவிச்சின் விதிகளை ஆறாம் ஆண்டு மாணவருக்கும் விளக்கலாம். மறுப்பு வேண்டுமாயின் மதிப்பை 1-இலிருந்து கழிக்கவும். இரு கூற்றுகளை ‘உம்’ சேர்த்து இணைத்தால் இரண்டில் சிறிய மதிப்பை எடுக்கவும். ‘அல்லது’ சேர்த்தால் பெரிய மதிப்பை எடுக்கவும். 1, 0 மட்டும் இருக்கும்போது இவ்விதிகள் பழைய தருக்கத்தையே தருகின்றன. ½ நுழைந்ததும் ஒரு புதுமை நேர்கிறது. ‘நாளை மழை பெய்யும்’ என்பதற்கு ½ எனின், ‘பெய்யாது’ என்பதற்கும் ½. எனவே ‘நாளை மழை பெய்யும் அல்லது பெய்யாது’ என்பதற்கும் ½ மட்டுமே கிடைக்கிறது. நம் மனமோ ‘அது நிச்சயம் மெய்தானே’ என்கிறது. இது இம்முறையின் குறை என்பாரும் உளர். எதிர்காலம் இன்னும் திறந்திருப்பதன் அடையாளம் என்பாரும் உளர்.

1938-இல் இரு வேறு நாடுகளில் இரு வேறு மூன்றாம் மதிப்புகள் தோன்றின. அமெரிக்கரான ஸ்டீபன் கிளீனி, கணக்கீடு முடிவுக்கே வராத நிலையைக் குறிக்க மூன்றாம் மதிப்பைக் கையாண்டார். அவர் முறையில், இணைந்த இரு கூற்றுகளுள் ஒன்று பொய் என்று தெரிந்துவிட்டால், மற்றது தெரியாவிடினும் முழுக்கூற்று பொய்யே. ரஷ்யரான போச்வர், பொருளற்ற கூற்றைக் குறிக்க மூன்றாம் மதிப்பைக் கையாண்டார். அவர் முறையில் ஒரு பகுதி பொருளற்றதாயின் முழுக்கூற்றும் பொருளற்றதாகிவிடும். கிளீனியின் மூன்றாம் மதிப்பு மாலை மங்கலில் நிற்கும் உருவம். போச்வரின் மூன்றாம் மதிப்பு ஆகாயப் பூ. இரண்டையும் ஒன்றெனக் கொண்டால் கணக்கே மாறிப்போகும்.

குறைந்த இனிப்பும் தெரியாத இனிப்பும்

1965-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய லொட்ஃபி சாதே, ‘ஃபஸி’ கணங்கள் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். உயரமானவர், சூடான நீர், இளம் வயது என நாம் அன்றாடம் சொல்பவற்றிற்குக் கூர்மையான எல்லை இல்லை. ஆகவே ஒரு பொருள் ஒரு கணத்தில் 0 முதல் 1 வரை எந்த அளவிலும் உறுப்பாக இருக்கலாம் என்றார். 1970-களின் நடுவில் இலண்டனில் இப்ராகிம் மம்தானி இதனைக் கொண்டு ஒரு நீராவி இயந்திரத்தை இயக்கிக் காட்டினார். 1987-இல் ஜப்பானின் செண்டாய் நகரச் சுரங்க இரயிலை இம்முறை சீராக ஓட்டவும் நிறுத்தவும் செய்தது. பின்னர்த் துணி துவைக்கும் இயந்திரமும் மின்சாரச் சோற்றுப்பானையும் இதன்வழி நம் வீடுகளுக்குள் வந்தன.

தமிழகத்திலும் இத்துறையில் பணி நடந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் கணிதம் கற்பித்த வசந்தா கந்தசாமி, 2005-இல் இருவரோடு இணைந்து, தீண்டாமை குறித்த பெரியாரின் கருத்துகளை இத்தகைய கணித முறைகளால் ஆராயும் நூலை வெளியிட்டார். ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது, தடுக்கிறது, தொடர்பில்லை என்பவற்றோடு, ‘தொடர்பு உறுதிப்படவில்லை’ என்பதையும் தனிக்குறியீடாக வைப்பது அவர் கையாண்ட முறைகளுள் ஒன்று.

இங்கே ஒரு வேறுபாட்டை மாணவர்க்கு உணர்த்த வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் உணவகத்தில் அமர்ந்து, ‘தே தாரிக் குறாங் மானிஸ்’ என்று கேட்கிறோம். வருகின்ற தேநீரில் இனிப்பு குறைவு. அது அளவு பற்றிய செய்தி. குடித்த பின்னும் அது குறைந்த இனிப்பே. இனி, மூடி போட்ட குவளையில் தேநீர் வருகிறது; சீனி போட்டார்களா, இல்லையா எனத் தெரியவில்லை. அது நம் அறியாமை பற்றிய செய்தி. ஒரு வாய் குடித்தவுடன் அந்த ஐயம் தீர்ந்துவிடும். இரண்டிற்கும் ½ என்றே எண்ணிட்டாலும், இரண்டும் ஒன்றல்ல.

கணக்கில் வராத இரு பிள்ளைகள்

கணினித் தரவுத்தளங்களில் இன்று பரவலாக வழங்கும் மொழி எஸ்.கியூ.எல். அதில் ஒரு கட்டம் நிரப்பப்படாவிட்டால் அதனை ‘நல்’ என்பர். ‘நல்’ என்பது சுழியமும் அன்று, வெற்றுச்சொல்லும் அன்று; ‘மதிப்பு இங்கு இல்லை’ என்பதற்கான குறி. அதனோடு எதனை ஒப்பிட்டாலும் மெய்யும் வராது, பொய்யும் வராது. ‘அறியப்படவில்லை’ என்னும் மூன்றாம் மதிப்பே வரும்.

ஒரு வகுப்பில் 30 மாணவர்கள் எனக் கொள்வோம். இருவரின் வயது நிரப்பப்படவில்லை. ‘வயது 12 ஆனவர்களைக் காட்டு’ என்றால் 18 பேர் வருகின்றனர். ‘வயது 12 அல்லாதவர்களைக் காட்டு’ என்றால் 10 பேர் வருகின்றனர். இரண்டையும் கூட்டினால் 28. மற்ற இருவர் எங்கே? ‘வயது 12 அல்லது 12 அல்லாதவர்’ எனச் சேர்த்துக் கேட்டாலும் அதே 28 பேர்தாம் வருவர். முன்பு மழை பற்றிக் கண்ட அதே கணக்குத்தான் இது. மெய் என வந்தவர்களை மட்டுமே கணினி காட்டும். அறியப்படாதவர்களைச் சத்தமின்றி விட்டுவிடும். கணினி பிழை செய்யவில்லை. மூன்றாவது கட்டம் ஒன்று இருப்பதை மறந்து கேட்டவர் செய்த பிழை அது.

இதனை வெறும் எடுத்துக்காட்டாக மட்டும் நான் எழுதவில்லை. நம் நாட்டுப் பிறப்புப் பத்திரங்கள் சிலவற்றில், தந்தையின் விவரத்திற்குரிய இடத்தில் ‘மக்லுமாட் தீடாக் டிபெரோலேஹி’ என அச்சிடப்பட்டிருப்பதை ஆசிரியர் பலர் பார்த்திருப்பீர்கள். ‘தகவல் பெறப்படவில்லை’ என்பது அதன் பொருள். அவ்வாக்கியம் தந்தை இல்லை என்று சொல்லவில்லை. பிள்ளை இந்நாட்டுக்கு உரியதன்று என்றும் சொல்லவில்லை. தகவல் கையில் இல்லை என்று மட்டுமே சொல்கிறது. ஆனால் அப்பத்திரத்தோடு முகப்பிடம் முகப்பிடமாக அலையும் தாய்மாரைக் கேட்டால் தெரியும்: ‘பெறப்படவில்லை’ என்பது எவ்வளவு எளிதாக ‘இல்லை’ என வாசிக்கப்படுகிறது என்று. பாரம் நிரப்பும் நாமும், தெரியாத இடத்தில் ‘இல்லை’ எனக் கோடிட்டுவிடும் வழக்கம் உடையவர்களே. அறியப்படாததைப் பொய் எனப் பதிவதால் ஒரு பிள்ளையின் வாழ்வில் பல ஆண்டுகள் கழிந்துபோகக் கூடும்.

மின்னணுச் சில்லுகளை வடிவமைப்போர் இவ்விடத்தில் நம்மைவிடக் கவனமானவர்கள். 1993-இல் வெளிவந்த ஐ.ஈ.ஈ.ஈ. 1164 தரநிலை, ஒரு மின்கம்பியின் நிலைக்கு ஒன்பது மதிப்புகளை வகுத்தது. 0, 1 நீங்கலாக, இன்னும் தொடக்க மதிப்பு தரப்படாதது, மோதலால் அறிய முடியாதது, இணைப்பு விடுபட்டது, எதுவாயினும் சரி என்பன போன்றவை அவற்றுள் அடங்கும். உள்ளே ஓடுவது இரண்டே மதிப்புகள் என்றாலும், வடிவமைக்கும் மனிதர் தம் அறியாமையின் வகைகளைத் தனித்தனியே குறித்துவைத்துக்கொள்கிறார். அவ்வாறு குறிக்காமல் 0 எனக் கொண்டால், சோதனையில் தப்பிய பிழை விற்பனைக்குப் போன பிறகே வெளிப்படும்.

வகுப்பறைக்கு

ஆசிரிய நண்பர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. கருத்துணர்தல் பயிற்சியில் சரி, பிழை என்பவற்றோடு ‘கூறப்படவில்லை’ என்னும் மூன்றாவது கட்டத்தையும் சேருங்கள். நான் சேர்த்துப் பார்த்தேன். முதல் சில வாரங்களில், விடை தேடச் சோம்பும் பிள்ளைகள் எல்லாவற்றிற்கும் அக்கட்டத்திலேயே குறியிட்டனர். அதற்கு மருந்து உண்டு: அக்கட்டத்தைத் தேர்ந்தால், ‘எதைத் தெரிந்துகொண்டால் விடை சொல்லலாம்’ என ஒரு வரி எழுத வேண்டும் என விதித்தேன். அதன்பின், பத்தியை இருமுறை வாசிக்காமல் எவரும் அக்கட்டத்தைத் தொடவில்லை.

பெற்றோர்களுக்கும் ஒன்று. பிள்ளை ‘தெரியாது’ என்றால் உடனே கடிந்துகொள்ளாதீர்கள். படிக்காததால் தெரியாதா, கேள்வி புரியாததால் தெரியாதா, சான்று போதாததால் சொல்ல இயலவில்லையா, அல்லது கேள்வியே ஆகாயப் பூவா என வினவுங்கள். முதலாவது மட்டுமே கண்டிக்கத்தக்கது. மற்ற மூன்றும் பிள்ளை சிந்திக்கிறது என்பதற்கான அறிகுறிகள்.

அந்த மாணவன் இப்போது வளர்ந்து பெரியவனாகியிருப்பான். அன்று நான் தராமல் விட்ட ஒரு மதிப்பெண்ணை இனி எந்த ஏட்டிலும் சேர்க்க இயலாது. ஆயினும், பழைய தாள்களை நான் திருத்தும்போது வைத்துக்கொள்ளும் விடைக்குறிப்பில், மாலதியின் பாட்டி இருக்கும் இடத்தைத் திருத்தி எழுதிவிட்டேன்: கூறப்படவில்லை.

அன்புடன், உங்கள் தமிழாசிரியன்.